சொந்தத் தாடி

நெவிலின் தாடியை நான் முறைப்படி விலைக்கு வாங்கினேன். தபால் ஆபீஸ் மேசையில், இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு. நான் ஏதோ அவனை மிரட்டிச் சிரைத்துவிட்டதாக ஷெஃபீல்டு முழுக்கப் பேசிக்கொள்கிறார்கள். பேசுகிறவர்கள் வாயை அடைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கத்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் டிக்கியைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்பார்களே, அந்தச் சந்தையில்தான் கிடைத்தது. விற்றவன் அதைக் கொண்டு பெயிண்ட் டப்பா மூடியை நெம்பிக்கொண்டிருந்தான். மாட்டுக்கொம்புப் பிடி போட்ட மடக்குச் சவரக்கத்தி. வயது நூற்றைம்பதுக்குக் குறையாது. கோடரி மாதிரி அகலமும் கனமும். கத்திக்குப் பேர்போன எங்கள் ஊர்க்காரர்கள் அந்தக் காலத்தில் கத்தியில் இரும்பைக் கஞ்சத்தனமே இல்லாமல் போட்டார்கள்.

"இது என்னப்பா?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"கவர் கிழிக்கிறது, கண்ணு. அந்தக் காலத்து ஆபீசருங்க மேசைல வச்சிருப்பாங்க."

"துரு ஏறிப் போச்சே."

"துருவா? அது பழமையோட கலரு."

நகத்தால் ஒரு சுண்டு சுண்டினேன். கணீர் என்றது. விரிசல் இல்லை. விரிசல் இருந்தால் 'சத்' என்று செத்த சத்தம் வரும். உடனே கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த மூக்கு உடைந்த டீ கெட்டிலைக் கையில் எடுத்து, "ஐயோ, எவ்வளவு அழகு!" என்றேன். கெட்டிலுக்குப் பேரம் பேசி, கத்தியைக் கொசுறாகக் கேட்டு வாங்கினேன். கெட்டில் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, ஊற்றினால் மடியில்தான் ஊற்றும்.

நான் நோரீன் ஸ்டானிஃபோர்த். முப்பத்தோரு வருஷம் பல் ஆஸ்பத்திரியில் பல் சுத்தம் செய்யும் வேலை. பல்லில் காறை சுரண்டும் கருவிகளுக்குக் கூர் தீட்டுவதும் என் பொறுப்பு. ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்கவில்லை, பழைய சவரக்கத்திகளில் இறங்கிவிட்டேன். பன்னிரண்டு கத்திகளை உயிர்ப்பித்திருக்கிறேன். ஆனால் அதைக் காட்டிப் பேச எனக்கு ஓர் ஆள் கிடையாது. என் தங்கையிடம் சொன்னால் "ம்" என்பாள். பூனையிடம் சொன்னால் அதுகூடச் சொல்லாது.

ஆள் இருந்த இடம் ஒன்றே ஒன்று. 'மூன்று சம்மட்டி' பப்பின் மாடியறை. மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் அங்கே சவரக்கத்திச் சங்கம் கூடும். எட்டுக் கிழவர்கள். கத்தியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்தக் கல்லில் தீட்டினாய், எத்தனை தடவை என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். எனக்கு அந்த மேசையில் ஒரு நாற்காலி வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாற்காலிக்காக ஏங்கினேன்.

கத்தியை மீட்க மூன்று மாதம் ஆனது. பிடியின் ஆணிகளைக் கழற்றினேன். தட்டையாக இருக்க வேண்டிய கொம்புப் பிடி வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. எண்ணெயைச் சூடாக்கி அதில் ஊறப்போட்டு, இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கி நிமிர்த்தினேன். கொம்பு சூடானால் என்ன வாடை அடிக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பூனை இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. அலகை இயந்திரத்தில் தேய்க்கக் கூடாது. சூடேறினால் இரும்பின் உயிர் போய்விடும். தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் கையாலேயே தேய்த்தேன். டிவியில் ஒரு முழு நாடகத் தொடர் முடிந்தது, அலகின் ஒரு பக்கம் முடிந்தது. பிறகு தீட்டுக்கல். பிறகு சமையலறைக் கதவில் தோல்வாரை மாட்டி, முன்னும் பின்னுமாக நூறு இழுப்பு.

கூர் வந்துவிட்டதா என்று பார்க்க எங்களுக்கு ஒரே வழிதான். முன்கை முடியில் இழுத்துப் பார்ப்பது. என் இடது கை வழுக்கையானது. பிறகு வலது கை வழுக்கையானது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணி என் கையைத் தடவிக்கொடுத்து, "தைரியமா இரும்மா, இப்பல்லாம் எல்லாத்துக்கும் மருந்து வந்துடுச்சு" என்றாள்.

சொந்த முடி தீர்ந்துபோனதால் பக்கத்து வீட்டு நெவிலைக் கூப்பிட்டேன். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவன், மனைவி இல்லாதவன், நெஞ்சுவரை தாடி உள்ளவன். இருபது வருஷமாக நடுச்சுவருக்கு மேலே பேசிப் பழக்கம்.

"கையை நீட்டு."

"எதுக்கு?"

"நீட்டுன்னா நீட்டு."

ஒரே இழுப்பு. அவன் முன்கையில் ஒரு சாலை போட்ட மாதிரி ஆனது. முடி சத்தமில்லாமல் விழுந்தது.

"ஏ நோரீன், இது கத்தியா, மந்திரமா? ஒண்ணுமே தெரியல!"

"சங்கத்துல சேரப் போறேன், நெவில்."

"அந்தக் கிழட்டுப் பசங்க கூடவா? உனக்கு ஏன் இந்தத் தலையெழுத்து?"

நான் கத்தியைத் துடைத்து மடித்து வைத்தேன்.

அந்த மாதம் முதல் சனிக்கிழமை நல்ல கோட்டு போட்டுக்கொண்டு மாடியேறினேன். சங்கத் தலைவர் ராய்ஸ்டன், கன்னம் வெண்ணெய் தடவினாற்போல் பளபளக்கும் மனிதர். என் கத்தியை வாங்கிப் பார்த்தார். மற்ற ஏழு பேரும் பார்த்தார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். யாரும் குறை சொல்லவில்லை. குறை சொல்ல முடியாத கடுப்பு முகத்தில் தெரிந்தது. பிறகு ராய்ஸ்டன் விதிப்புத்தகத்தைத் திறந்து உரக்கப் படித்தார்.

"புதிதாகச் சேர விரும்புபவர், தாம் மீட்டெடுத்த கத்தியால், தம் சொந்தத் தாடியை, உறுப்பினர்கள் முன்னிலையில், ஒரு சொட்டு இரத்தமும் சிந்தாமல் முழுவதுமாக மழித்துக் காட்ட வேண்டும்." புத்தகத்தை மூடினார். "உனக்கு வழிக்க என்ன இருக்கு, கண்ணு?"

எட்டுப் பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் கொதித்தது.

"உங்க மூஞ்சில அசடு வழியுதே, அதை வேணா வழிச்சுக் காட்டட்டுமா?" என்றேன்.

இந்தத் தடவை ஏழு பேர் சிரித்தார்கள். ஆனாலும் வெளியே வந்தது நான்தான். பஸ் ஸ்டாப்பில் நின்றபோது கண்ணில் தண்ணீர் வந்தது. காற்று என்று சொல்லிக்கொண்டேன். காற்று இல்லை. அவமானம்.

பஸ்ஸில் அந்த விதியையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். சொந்தத் தாடி. சொந்தத் தாடியாம். என் வீடு எனக்குச் சொந்தம். அது என்ன, என் மேல் முளைத்ததா? வாங்கினேன். அந்த மூக்கில்லாத கெட்டில் சொந்தம். வாங்கினேன். பாலத்தின் மேல் பஸ் ஏறும்போது நான் எழுந்து நின்றுவிட்டேன். "ஸ்டாப் இன்னும் வரலம்மா, உக்காருங்க" என்று டிரைவர் கத்தினார்.

நெவில் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

"நெவில், உன் தாடி என்ன விலை?"

"என்னது?"

"வெட்டுறதுக்கில்ல. வாங்குறதுக்கு. வாங்கின பிறகு அது என் தாடி. உன் மூஞ்சில சும்மா இருக்கும். அப்புறம் என் தாடியை நான் வழிப்பேன்."

பூவாளியைக் கீழே வைத்தான். "நீ மதியம் ஏதாவது சாப்பிட்டியா?"

"விதியில சொந்தத் தாடின்னுதான் போட்டிருக்கு. எங்க முளைச்சதுன்னு கேக்கல."

அவன் யோசிக்க யோசிக்கத் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு பன்றிக்கறிப் பை. மாவுக்குள்ள கறி வச்சு நீ சுட்டது. கடையில வாங்கினது செல்லாது. ஒரு வருஷத்துக்கு" என்றான்.

"சரி."

"முழுசுமா வழிப்பே? மோவாயுமா?"

"மோவாயை விட்டுட்டு ஆட்டுத்தாடியா வைக்கப் போறேன்? முழுசும்தான்."

தாடியைக் கொஞ்ச நேரம் உருவிக்கொண்டு நின்றான். முகத்தில் சிரிப்பு இறங்கியிருந்தது. வயசான காலத்தில் குளிரும் என்று பயப்படுகிறான் என நினைத்துக்கொண்டேன்.

"எங்க வச்சு?"

"மூன்று சம்மட்டியில."

அது அவனுடைய இடம். முப்பது வருஷமாகத் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில், ஒரு குவளை கறுப்பு பீரோடு. அவன் வராவிட்டால் தேட ஆள் அனுப்புவார்கள்.

"சரி, போ" என்றான் கடைசியில். "உனக்கு அந்த நாற்காலி அவ்வளவு வேணும்னா எடுத்துக்கோ."

திங்கட்கிழமை தபால் ஆபீஸில் பத்திரம் எழுதினோம். கவுண்டரில் இருந்த பெண் சாட்சிக் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்த்து, "சொத்து எங்க இருக்கு?" என்று கேட்டாள். நெவில் தாடியைத் தூக்கிக் காட்டினான். தபால்தலை வாங்க வந்த ஒருவர் இரண்டாவது சாட்சி. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய்க் கதவில் மோதிக்கொண்டார்.

அடுத்த முதல் சனிக்கிழமை. நெவிலை முன்னால் விட்டு நான் பின்னால் மாடியேறினேன். பத்திரத்தை மேசையில் வைத்தேன். ராய்ஸ்டன் படித்தார். வெண்ணெய்க் கன்னம் சிவந்தது.

"இது என்ன கூத்து? தாடின்னா அவங்கவங்க மூஞ்சில இருக்கிறது!"

"அப்படின்னு எங்க எழுதியிருக்கு?"

"அது எழுத வேண்டியதில்ல! எல்லாருக்கும் தெரிஞ்சது!"

செயலாளர் ஐவர், வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர், புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனார். "ராய்ஸ்டன், இதுல 'சொந்த'ன்னு மட்டும்தான் இருக்கு. 'தன் முகத்தில் முளைத்த'ன்னு இல்ல. பத்திரமும் சரியா இருக்கு. தேதி இருக்கு, சாட்சி இருக்கு."

"நீ யார் பக்கம்?"

"நான் காற்புள்ளி பக்கம்."

முழங்கால் வலியால் மாடிப்படியை மாதாமாதம் சபிக்கும் நான்கு பேர் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வேடிக்கை பார்க்கும் ஆசையில் "நடக்கட்டும், நடக்கட்டும்" என்றார்கள். ராய்ஸ்டன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நெவிலின் கழுத்தில் துண்டைச் சுற்றினேன். நீளத் தாடியைக் கத்தரியால் குறைத்தேன். வெந்நீர்த் துணி, பிரஷ், நுரை. கத்தியைத் தோல்வாரில் இழுத்துவிட்டு, வலது காதோரம் வைத்தேன்.

முப்பத்தோரு வருஷம் திறந்த வாய்களுக்குள் கூர்முனையோடு வேலை செய்த கை. கனமான அலகு, அதன் பாரமே வேலை செய்தது. வறட் வறட் என்ற சத்தம் மட்டும். வலது கன்னம் வெளியே வந்தது. இடது கன்னம் வந்தது. நிலவறையில் வைத்த உருளைக்கிழங்கு மாதிரி வெள்ளை. எட்டுப் பேரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்துவிட்டார்கள். மேலுதடு முடிந்தது. கழுத்து முடிந்தது. மோவாய் மட்டும் பாக்கி.

நெவில் எச்சில் விழுங்கினான். தொண்டை மேலும் கீழும் போனது.

"அசையாத, பாவி" என்றேன்.

"நீ முடி" என்றான். கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

மோவாயில் கத்தியை வைத்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. பப்பின் சொந்தக்காரி மார்லீன், எட்டுக் குவளை பீரை ஒரே தட்டில் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"கீழே ஒருத்தன் இல்ல, எல்லாம் இங்க ஏறிட்டாங்க. மேல என்னத்தச் சிரைக்கிறீங்க எல்லாரும்?"

"அதேதான்" என்றேன்.

கடைசி இழுப்பு. நுரை வழிந்து மோவாய் வெளிப்பட்டது. நடுவில் ஆழமான ஒரு குழி. பட்டாணி வைக்கலாம்.

மார்லீன் தட்டைக் கீழே போடவில்லை, அவள் தொழில்காரி. மெதுவாக மேசையில் வைத்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. பிறகு கத்தினாள்.

"புறாக்காரன்!"

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அங்கே புறா எதுவும் இல்லை.

"டேய், நீயாடா? இந்தக் குழியை நான் செத்தாலும் மறப்பேனா? என் கல்யாண விருந்து, இதே பப்புல, கீழே! கூடை நிறையப் புறா கொண்டு வந்தியே! வாசல்ல பறக்க விடறேன்னு சொல்லிட்டு உள்ளயே தொறந்து விட்டியே! நாற்பது புறா! என் கேக்குல நின்னுது! எங்க அத்தை தொப்பியில—"

"தாழ்ப்பாள் தானா தொறந்துக்கிச்சு" என்றான் நெவில், கண்ணைத் திறக்காமல்.

"உன்னை ஆயுசுக்கும் உள்ள விடக் கூடாதுன்னு அன்னிக்கே சொன்னேன்! முப்பது வருஷமா தாடியை வச்சுக்கிட்டு என் கணப்புக்குப் பக்கத்துல உக்காந்து குடிச்சிருக்கே!"

"மார்லீன், அந்தக் கல்யாணமே ரெண்டு வருஷத்துல முடிஞ்சுபோச்சே" என்றார் ஐவர்.

"கல்யாணம் முடிஞ்சுது. தடை முடியல! எழுந்திருடா!"

நான் குறுக்கே போனேன். "மார்லீன், என் கையில கத்தி இருக்கு, அவன் மூஞ்சி ஈரமா இருக்கு. ஒரு நிமிஷம் பொறு." துணியால் நெவிலின் முகத்தை ஒற்றி எடுத்து, துணியை எல்லோருக்கும் விரித்துக் காட்டினேன். வெள்ளைத் துணி. ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. ராய்ஸ்டன் கையிலேயே வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரத்தம் இல்ல" என்று ஒப்புக்கொண்டார். பல் பிடுங்கும்போதுகூட யாரும் அப்படி முனகி நான் கேட்டதில்லை.

நெவில் துண்டை மடித்து நாற்காலியில் வைத்தான். குறைத்துப்போட்ட தாடியை ஒரு பேப்பரில் பொட்டலம் கட்டி, "உன்னுது" என்று என்னிடம் கொடுத்தான். மார்லீன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொள்ள, படியிறங்கிப் போனான்.

எனக்கு ஒன்பதாவது நாற்காலியைப் போட்டார்கள். கோட்டில் குத்தும் சின்ன வில்லையை ஐவர் குத்திவிட்டார். எவரோ பீரை என் முன்னால் நகர்த்தினார். மாதக்கணக்காகக் கனவு கண்ட நாற்காலி. உட்கார்ந்தால் முள்ளாகக் குத்தியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர் பஸ் ஸ்டாப்பில் நெவில் நின்றுகொண்டிருந்தான். முகத்தின் கீழ்ப்பாதி வெள்ளை வெளேரென்று, குளிருக்கு ஒரு கையால் மோவாயைப் பொத்திக்கொண்டு.

ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினேன்.

"நெவில்! மார்லீன் கண்டுபிடிப்பான்னு தெரிஞ்சுதான் வந்து உக்காந்தியா?"

"தெரிஞ்சுதான்!"

"அப்புறம் ஏன் சொல்லலை? மோவாயை விட்டுருப்பேனே!"

"விட்டா உன்னைச் சேத்துக்க மாட்டாங்களே!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினான். "தாடி உன்னுது, நோரீன்! வித்த பிறகு நான் எப்படி வேணாம்னு சொல்றது?"

முப்பது வருஷத்துக் கணப்பை எனக்காகக் கொடுத்துவிட்டு, அந்த மடையன் அதற்குச் சட்டம் பேசுகிறான்.

திரும்பினேன். "தலைவரே, நான் இப்ப உறுப்பினர்தானே? தீர்மானம் கொண்டு வரலாமா?"

"கொண்டு வரலாம்" என்றார் ஐவர், ராய்ஸ்டன் வாயைத் திறக்கும் முன்.

"சங்கம் வேற இடத்துல கூடணும். மாடிப்படி இல்லாத இடம்."

மூலையிலிருந்து நான்கு கைகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. அவர்கள் எந்த இடம் என்றுகூடக் கேட்கவில்லை. என் கையோடு ஐந்து. எதிர்த்து நான்கு. ஐவர் எதிர்த்துத்தான் போட்டார், வழக்கத்தை மாற்றுவது அவருக்கு ஆகாது. ஆனால் எண்ணிக்கையை நேர்மையாக எழுதினார்.

நான் மறுபடி ஜன்னலுக்குப் போனேன். "நெவில்! இனிமே 'நீலப் பன்றி' பப்புல கூடறோம்! அங்க வந்துடு!"

அவன் தலையை ஆட்டினான். "அங்கயும் உள்ள விட மாட்டாங்க!"

"அங்கயுமா? ஏன்?"

"முயல்!"

முழங்கால்காரர் ஒருவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஏய் நெவில், 'தங்க ஏர்' பப்பு?"

"புறா! வேற புறா!"

"ரயில்வே பப்பு?"

"அங்க நான் எதுவும் செய்யல! அந்த ஆடு தானா வந்துச்சு!"

இன்னும் இரண்டு பேர் ஜன்னலுக்கு வந்து பெயர்களைக் கத்தினார்கள். மேல்தெரு பப், கீழ்த்தெரு பப், கால்பந்து மைதானத்துக்கு எதிரே இருப்பது. ஒவ்வொன்றுக்கும் அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். பஸ் வந்து நின்றது. அவன் ஏறவில்லை. பஸ்ஸில் இருந்தவர்களும் எங்களைப் பார்த்து ஒரு பெயர் சொன்னார்கள். அங்கேயும் விட மாட்டார்களாம்.

"உன்னைத் தள்ளி வைக்காத இடம்னு இந்த ஊர்ல ஏதாவது இருக்காடா?" என்று கத்தினேன்.

மோவாய்க்குழியைச் சொறிந்துகொண்டு யோசித்தான்.

"உன் வீடு!"

முழங்கால்காரர்களில் மூத்தவர் கேட்டார்.

"நோரீன், உன் வீட்டு வாசல்ல எத்தனை படி?"

"படியே இல்ல."

"பன்றிக்கறிப் பை உண்டா?"

"அது நெவிலோடது. கேட்டா ஆளுக்கு ஒரு துண்டு தருவான்."

மறுபடி ஓட்டு. ஐந்துக்கு நான்கு.

அதற்கு அடுத்த முதல் சனிக்கிழமை, மணி இரண்டுக்கு அழைப்புமணி அடித்தது. நெவில் அதற்கு முன்பே வந்து என் கணப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கதவைத் திறந்தேன். மழையில் ராய்ஸ்டன் நின்றார். விதிப்புத்தகம் நனையாமல் கோட்டுக்குள், தொப்பி கையில், வெண்ணெய்க் கன்னத்தில் மழை சொட்டிக்கொண்டு.

"உள்ள வரலாமா, நோரீன்?" என்றார்.

"முதல்ல ஷூவில இருக்கிற சேத்தை வழிச்சுட்டு வாங்க, கண்ணு" என்று மிதியடியைக் காட்டினேன்.